இறங்கும் தண்ணீர்

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குத் துறைமுக அலுவலகத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று. கடல் ஏற்றம் எட்டு மணியோடு முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும். சிறு படகுகள் வெளியே போக வேண்டாம்.

ஒரு கணவர், அவர் மனைவி, அவர் தம்பி என மூவர் வந்த படகு அப்போது வெளியேதான் இருந்தது.

பக்கத்து வளைகுடாவில் நங்கூரமிட்டு இரவைக் கழித்திருந்தார்கள். அதே செய்தி ரேடியோவில் வந்தபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. கணவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்ப்பதற்காகவே தூங்குவதுபோலப் படுத்திருந்தாள். சத்தமில்லாமல் ரேடியோவை அணைத்துவிடுவாரோ? வெளியே போய்த் தம்பியிடம் மட்டும் கிசுகிசுப்பாரோ?

அவர் தொண்டையைச் செருமினார்.

"முழிச்சிருக்கியா? காத்து வருதாம். பெரிய காத்து. நாம உடனே துறைமுகத்துக்குள்ள போயிடணும்."

"கேட்டேன்."

"கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தியா?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"அப்போ பாஸா?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றாள் அவள். ஆனாலும் எழுந்து உட்கார்ந்தபோது தோளில் இருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது.

விஷயம் இதுதான். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு பழக்கம். மனைவிக்கு வருத்தம் தரும் எதையும் அவளிடம் சொல்ல மாட்டார். மருந்தாளர் தேர்வின் கடைசித் தாளை அவள் எழுதப் போன அன்று, அவளுடைய அம்மா கவலைக்கிடமாக இருப்பதாகப் போன் வந்தது. பரீட்சை முடியட்டும் என்று அவர் சொல்லாமல் இருந்துவிட்டார். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குரலைக் கேட்கவில்லை. "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார் அவர். அந்த வாக்கியத்தை அவளால் விழுங்க முடியவில்லை. சில மாதம் முயன்று பார்த்துவிட்டு, தான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைக்குப் பெட்டியோடு போய்விட்டாள்.

இந்தப் படகுப் பயணம் அவருடைய யோசனை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த வாரம் முழுக்க என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. எனக்கு நல்லதுன்னு நீங்க நினைச்சாலும் கூடாது. மறைக்காம இருந்தா வீட்டுக்குத் திரும்பி வர்றேன்."

நான்கு நாள் தப்பாமல் ஓடிவிட்டது. இது ஐந்தாவது நாள்.

"அண்ணே!" மேல்தளத்திலிருந்து முனகல் வந்தது. "கரை எங்கேன்னு மட்டும் சொல்லு. நான் நடந்தே போயிடறேன்."

அது சின்னவன், அவருடைய தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். படகு ஓட்டும் உரிமம் குடும்பத்தில் அவனிடம் மட்டும்தான் இருந்தது என்பதால் அழைத்து வந்திருந்தார்கள். உரிமம் வாங்கியது ஒரு குளத்தில் என்பது கடலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாளாக அவன் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை.

"பிரேக்கே இல்லாத வண்டியை எவன் கண்டுபிடிச்சான் அண்ணி? அவனுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு?"

"உனக்குக் குடுத்த அதே ஆள்தான். ஒரு மாத்திரை போட்டுக்கோடா, சொன்னாக் கேளு."

"மாத்திரையா? பார்த்தாலே தொண்டை மூடிக்கும். செத்தாலும் நான் தொடமாட்டேன்."

அடுத்த ஒரு மணி நேரம் துறைமுகத்தை நோக்கிப் போனார்கள். வானம் ஈயப் பாத்திரம்போல மங்கியது. அலை பக்கவாட்டில் அடித்தது. சின்னவன் பச்சை முகத்தோடு சக்கரத்தைப் பிடித்து நின்றான். துறைமுக வாசலுக்குள் நுழைந்தபோது மூவருமே நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

இதுவரை தங்கிய இடங்களில் மிதவை மேடைகள் இருந்தன. தண்ணீரோடு சேர்ந்து படகும் மேடையும் ஏறும், இறங்கும். இங்கே பழைய கல்சுவர். தண்ணீர் நிறைந்து நின்றதால் படகின் விளிம்பும் சுவரின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தன. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதுபோல ஒரு எட்டில் கரைக்கு வந்துவிட்டார்கள்.

கயிறு கட்டுவது அவருடைய வேலை. லாரிகளில் சரக்கு ஏற்றிக் கட்டும் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். அங்கே அவரை 'முடிச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கட்டிய சரக்கு ஆயிரம் மைல் போனாலும் அரை விரல் நகர்ந்ததில்லை. தளர்ந்த கயிறு என்றால் அவருக்குப் பொத்தான் போடாத சட்டையைப் பார்ப்பதுபோல. காற்றில் படகு சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, காலைச் சுவரில் ஊன்றி இழுத்து, விரலால் தட்டினால் தந்திபோல ஒலிக்கும்வரை இறுக்கினார். படகு அசையாமல் நின்றது.

"ஆகா," என்றான் சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு. "இப்பதான் உலகம் நிக்குது. நான் எங்கேயும் வரலை. நீங்க போயிட்டு வாங்க."

அவள் உள்ளே போய்க் காபி போட்டாள். அவன் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே போனால் ஊசி போட வேண்டி வரும். கைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துச் சின்னக் கத்திரியால் இரண்டை வெட்டினாள். கரண்டியின் முதுகால் நசுக்கி அவன் காபியில் போட்டு, சர்க்கரையைக் கூடுதலாகக் கலக்கினாள். தூக்கம் வரும். வரட்டும், நல்லதுதான்.

"அண்ணி கையால போட்ட காபி மட்டும் ஏன் கசக்குது?"

"வாய் கசப்புடா. குடி."

அவன் குடித்தான். கீழ்ப் படுக்கையில் சுருண்டான். நீர்க்காற்று படாமல் அவர் கதவை இழுத்து மூடினார். இருவரும் ரொட்டியும் குடிதண்ணீரும் வாங்கத் தெருவேறிப் போனார்கள்.

சாமான் வாங்கி முடித்தும் திரும்ப மனமில்லை. தெருவின் மேல்முனையில் ஒரு டீக்கடை. ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது. அங்கிருந்து துறைமுகத்தின் ஒரு பாதி தெரிந்தது. அவர்கள் படகு நின்றது மறுபாதியில்.

டீ வந்தது. ஆறியது. இன்னொன்று வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது என்றார் அவர். ஒரு வாளி வைத்திருக்கிறாராம்.

"வாளியை எடுத்து ஊத்தறதுக்கு ஆள் இருந்தா நல்லா இருக்கும்," என்றார்.

"குழாயை மாத்தறதுக்கு ஆள் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடலாமா எனத் தோன்றியது. இரண்டு நாள் எதற்கு, இப்போதே சொல்லிவிடலாம். வாயெடுத்தாள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற மீன்பிடிப் படகுகள் வெகுவாகக் கீழே இறங்கியிருந்தன. அவற்றின் கயிறுகள் நீளமாக, சோம்பலாக, வளைந்து தொங்கின.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை." நாற்காலி பின்னால் நகர்ந்தது. "பர்ஸை படகிலேயே வச்சுட்டேன். நீ குடிச்சிட்டு இரு. இதோ வந்துடறேன்."

அவர் போய்விட்டார். அவள் டம்ளரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்கும் தண்ணீருக்கும் சற்றுமுன் எந்தப் பர்ஸிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார்?

கோபம்தான் முதலில் வந்தது. கன்னம் சுட்டது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தாள். ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். முட்டி வலிக்காரர், மாடிப்படியில்கூட நின்று நின்று ஏறுபவர், தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சுவரின் மறுபாதியில் தண்ணீர் ஆள் உயரத்துக்கும் மேலே இறங்கியிருந்தது. படகு தண்ணீரோடு இறங்கவில்லை. இரண்டு கயிறுகளும் அதைச் சுவர்ப்பக்கம் தூக்கிப் பிடித்திருந்தன. வெளிப்பக்கம் சரிந்து, அந்தப் பக்க ஜன்னல் தண்ணீரை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. தொட்டிலைப் பாதி கவிழ்த்ததுபோல. கயிறு 'கிர்... கிர்...' என்று முனகியது. உள்ளே ஏதோ உருண்டு விழும் சத்தம்.

அவர் சுவரில் மண்டியிட்டு, கையில் மடக்குக்கத்தியோடு, அறுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்தானா?"

அவர் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "கத்திப் பார்த்துட்டேன். குரலே இல்லை. இறங்கிப் போய்க் கதவை இழுத்தேன். சட்டம் முறுக்கிக்கிட்டு இருக்கு, திறக்கலை."

"அறுங்க அப்போ!"

"ஒரு பக்கம் அறுத்தா அந்தப் பக்கம் விழுந்து குப்புறக் கவுந்துடும். ரெண்டையும் ஒண்ணா இறக்கணும். எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான்."

"அதுக்குத்தான் சொல்லணும்னு சொல்றது!"

அவள் குரல் சுவரில் மோதித் திரும்பியது.  அவருக்குப் பேச நேரமில்லை. மேல்தளப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த இரண்டு உபரிக் கயிறுகளைப் படகின் இரண்டு முனையிலும் ஏற்கெனவே கட்டியிருந்தார். ஒன்றின் நுனியை அவளிடம் நீட்டினார்.

"பின்னால இருக்கிற இரும்புத் தூணுக்குப் போ. இதை மூணு சுத்து சுத்து. இழுத்துப் பிடி. கையில சுத்திக்காதே, என்ன ஆனாலும் கையில சுத்திக்காதே. நான் சொல்றப்போ பழைய கயிறை அறு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடு."

"கத்தி?"

இருந்தது ஒன்றுதான். அவள் கைப்பைக்குள் துழாவி மாத்திரை வெட்டும் கத்திரியை எடுத்தாள். அவர் அதைப் பார்த்தார். "போதும். இந்த இறுக்கத்துக்கு அதுவே போதும்."

அவள் தூணைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. புதுக் கயிறு உள்ளங்கையை உரசியது. முன்முனையில் அவர் மண்டியிட்டார்.

"இப்போ!"

கத்திரி கயிற்றின் முதல் இழையைக் கடித்தது. இழை 'டப்' என்று தெறித்தது. இன்னொன்று. மூன்றாவது இழைக்குக் கத்திரி தேவைப்படவில்லை. கயிறு அறுந்து அவள் காதோரம் சீறிக்கொண்டு போனது. படகு ஒரு சாண் விழுந்து, புதுக் கயிற்றில் தொங்கி நின்றது. பாரம் அவள் தோளைப் பிடுங்கியது. ஆனால் தூணின் மூன்று சுற்றும் பிடித்துக்கொண்டன.

"விடு... மெதுவா... நிறுத்து. நான் கொஞ்சம் விடறேன். இப்போ நீ. அவ்வளவுதான். இப்போ நான்."

அவர் விட்டார், அவள் விட்டாள். படகு ஒவ்வொரு சாணாக இறங்கியது. அந்தச் சில நிமிஷத்துக்கு இருவரும் ஒரே கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள்போலத்தான் வேலை செய்தார்கள். வெளிப்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. அடிப்பாகம் தண்ணீரில் உட்கார்ந்து, ஒருமுறை உலுக்கிக்கொண்டு, மிதந்தது.

இரும்பு ஏணியில் அவர் இறங்கிக் கதவை இழுத்தார். இந்தமுறை திறந்தது. உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மேல் தட்டிலிருந்த பாத்திரமெல்லாம் கீழே. சின்னவன் தரைக்கும் படுக்கைக்கும் நடுவே மாட்டிக் கிடந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"டேய்! டேய், கண்ணைத் திறடா!"

சின்னவன் ஒரு கண்ணைத் திறந்தான். "கிளட்சை மிதிங்க சார்," என்றான். மறுபடி மூடிக்கொண்டான்.

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து அவனைச் சுவர்மேல் ஏற்றினார்கள். அவசர வண்டிக்குப் போன் போனது. காத்திருந்த நேரத்தில் அவள் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"பர்ஸ் கிடைச்சுதா?"

அவர் கால்சட்டையின் பின்பையைத் தொட்டார். கை அப்படியே நின்றது. "ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நினைச்சேன். வீணா உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு..."

"நான் கோவிச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு மணிக்கு ஊருக்குப் பஸ் இருக்கு. நிறுத்தத்துல போட்டிருந்தது. அவனுக்குக் கட்டுப்போட்டதும் நான் கிளம்பறேன்."

"சரி," என்றார் அவர். 

கரையோர மருத்துவமனையில் ஒரே ஒரு டாக்டர். நரைமுடிப் பெண்மணி. தையல் போட்டுக்கொண்டே கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். சின்னவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வான், அடுத்த கேள்விக்குள் தூங்கிவிடுவான்.

"இது எனக்குப் பிடிக்கலை," என்றார் டாக்டர். "தலையில அடி பட்டவர் இப்படித் தூங்கினா உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். இங்கே ஸ்கேன் இல்லை. ரெண்டு மணி நேரம் தள்ளி நகரத்துக்கு அனுப்பணும். இந்தக் காத்துல மலைப்பாதை. போக வேண்டியிருந்தா போயே ஆகணும். அவர் ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? தூக்க மாத்திரை, வேற ஏதாவது?"

"இவனா?" என்றார் கணவர். "மாத்திரைன்னா காத தூரம் ஓடுவான் டாக்டர். எதையும் தொடமாட்டான்."

சின்னவனும் கண்ணை மூடியபடியே, "தொடமாட்டேன்," என்றான்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். நகரத்துக்கு அனுப்பட்டும், ஸ்கேன் எடுக்கட்டும், அதில் தப்பில்லை என்று ஒரு குரல் சொன்னது. யாருக்கும் தெரிய வேண்டாம். இப்போது சொன்னால் இவர்கள் எல்லோருக்கும் மனக்கஷ்டம்தானே. அந்தக் குரல் யாருடையதுபோல இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தபோது, சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"சாப்பிட்டிருக்கார்," என்றாள். "கடல் மயக்கத்துக்கான மாத்திரை. ரெண்டு. எட்டரை மணிக்கு. காபியில நசுக்கிப் போட்டுக் குடுத்தேன். அவருக்குத் தெரியாது."

டாக்டரின் ஊசி நின்றது. "நீங்க?"

"இவருக்கு அண்ணி." பிறகு, "மருந்தாளர்," என்றாள்.

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். "அப்போ அந்தத் தூக்கமா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சாயங்காலம்வரை இங்கேயே வச்சுப் பார்ப்போம். தெளிஞ்சா நல்லது. தெளியலைன்னா வண்டி. சொன்னது நல்லதாப் போச்சு. முன்னாடியே அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அண்ணி," என்றான் சின்னவன் குழறலாக. "காபி கசந்துச்சுன்னு அப்பவே சொன்னேன்ல?"

 கணவர் தன்னைப் பார்க்கிறாரா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே மழை தொடங்கியிருந்தது. இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ரொட்டிப் பை. டீக்கடையில் விட்டுவந்ததை அந்தக் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்திருந்தார். கணவர் எப்போது பேசுவார் என்று காத்திருந்தாள். 'நீ மட்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவளால் பதில் சொல்ல முடியாது. கேட்கட்டும் என்றுகூட இருந்தது.

"அவனுக்கு நல்லதுன்னுதானே குடுத்தே," என்றார் கடைசியில்.

அது சமாதானமா, குத்தலா? குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினெட்டு வருஷம் கேட்ட குரல்.

"என்னைத் திட்டுங்க," என்றாள்.

"திட்டினா சரியாப் போயிடுமா?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலை." அவர் எழுந்தார். "படகுல தண்ணி இறைக்கணும். உன் பையை எடுத்துட்டு வந்து நிறுத்தத்துல வைக்கிறேன். நனையாம பார்த்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். மூன்று மணிக்குச் சற்று முன்பு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய அவளுடைய பையோடு நிறுத்தத்தின் கூரைக்கடியில் வந்து நின்றார். அவள் மருத்துவமனையிலிருந்து நடந்து வந்தாள். சின்னவன் இன்னும் தூங்குகிறான் என்றாள். கேட்டால் பெயர் சொல்கிறான், தேதி சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஏறுறீங்களாம்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பையை மட்டும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார்.

பஸ் மூன்று ஐந்துக்குக் கிளம்பியது. மலைப்பாதை மூடப்படுவதற்கு முன் அந்த ஊரிலிருந்து போன கடைசி வண்டி அது. அவள் அதில் ஏறவில்லை. படகுக்கும் திரும்பவில்லை. மருத்துவமனைக்கு எதிரே இருந்த தங்கும் விடுதியில் ஒருவருக்கான அறை ஒன்றை ஒரு இரவுக்கு எடுத்தாள்.